குடியை விட்டவர் வீட்டில் இருக்கிறார்

என் கணவர் குடியை நிறுத்தியதும் முதலில் அடி வாங்கியது என் தையல் தொழில்தான்.

திருத்தணியில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். சாயங்கால நேரத்தில் பெண்கள் வருவார்கள். அளவு கொடுக்கிற சாக்கில் எதிரில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாமியாரைப் பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போவார்கள். அந்த நாற்காலியில் ஆறு மணிக்கெல்லாம் குளித்து விபூதி பூசிக்கொண்டு முழுசாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எவள் உள்ளே வருவாள்? வாசலிலேயே நின்று துணிப்பையை நீட்டினார்கள். "இன்னாக்கா, அண்ணன் வீட்டுலயேவா இருக்காரு?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். நான் "ஆங், இப்பல்லாம் வீட்டுலதான்" என்பேன், நானும் அதே குரலில்.

அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. ஒரு பள்ளிக்கூட டீச்சர் பட்டுத்துணி கொடுத்துவிட்டு இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. "இந்தக் கலரு அந்தம்மாவுக்கு எடுக்காது" என்றார் சத்தமாக. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் என் வாடிக்கையாளர் ஒருவரைக்கூட அவர் விரட்டியதில்லை. தெளிந்த பிறகு ஒரே மாதத்தில் பாதிப் பேரை விரட்டினார்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. கே.ஜி.கண்டிகை, ஆர்.கே.பேட்டை பக்கத்து விவசாயிகளின் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சைக்கிளிலோ டிராக்டரிலோ வைத்து அவர் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். மோட்டார் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் விழுந்ததும் விவசாயிக்கு மனசு குளிர்ந்துவிடும். கூலி கொடுத்த பிறகும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி தோன்றும். அந்தப் பாக்கியை ஒரு குவார்ட்டர் பாட்டிலாக வாங்கி அவர் கையில் வைத்து அழுத்துவார்கள். வேண்டாம் என்றால் மரியாதைக்குறைவு. இப்படித்தான் ஆரம்பித்தது. சுற்றியிருக்கிற ஊரெல்லாம் சேர்ந்து அவருக்கு ஊற்றிக் கொடுத்தது. பிறகு அதே ஊர்களெல்லாம் சேர்ந்து, "நல்ல தொழில்காரன், குடிச்சே கெட்டுட்டான்" என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டன.

எங்கள் ஊரில் 'கடை' என்று மொட்டையாகச் சொன்னால் எந்தக் கடை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கடைக்கு அரசாங்கம் லீவு விடும் நாட்களில் என் கணவருக்கு நகரியில் வேலை வந்துவிடும். எல்லை தாண்டினால் ஆந்திரா, அங்கே கடை திறந்திருக்கும். "நகரில ஒரு மோட்டாரு அர்ஜெண்டா பாக்கணும்" என்று ஸ்பேனர்கூட இல்லாமல் கிளம்புவார். எல்லா மகான்களின் நினைவும் அவருக்கு இந்த மாதிரிதான் வரும். அந்தக் காலையில் நகரி வழியாகப் போகும் திருப்பதி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. பக்தர்கள் என்று கண்டக்டர் நினைத்திருப்பாரா என்ன?

எங்களுக்கும் ஒரு பாஷை உருவாகிவிட்டது. காலையில் ஆள் எழுந்திருக்க முடியாவிட்டால் அதற்குப் பெயர் 'ஜுரம்'. பட்டறைக்கு வந்து காத்திருக்கும் விவசாயிகளுக்கு நான் போனில் சொல்வேன்: "அவருக்கு ஜுரம்ங்க, சாயந்திரமா வாங்க." அத்தனை வருஷம் விடாமல் ஜுரம் அடித்த மனிதரை எந்த ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளாதது ஆச்சரியம். கேட்ட விவசாயிகளும் "உடம்பப் பாத்துக்கச் சொல்லும்மா" என்பார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தே சொல்லிக்கொண்ட பொய் அது.

எங்கள் மகள் அப்போது தினமும் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பைக்கின் ஸ்டாண்டு தரையில் விழும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். "நைனா ஒரே வாட்டியில ஸ்டாண்டு போட்டுட்டாரும்மா, சோறு போடலாம்." இரண்டு மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைப்பாள். பரீட்சைக்கு எப்போதடி படிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "ரயில்லதான். அங்க நின்னுகினு படிச்சாலும் நிம்மதியா கீதும்மா" என்றாள். ரயிலின் அந்த நெரிசலைவிட எங்கள் வீடு நெரிசலாக இருந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் தாக்குப்பிடித்ததற்கு என் தம்பிதான் காரணம். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறான். எனக்கு அடுத்துப் பிறந்தவன். அக்கா புருஷன் என்றால் அவனுக்கு உயிர். இவர் எங்கேயாவது விழுந்து கிடக்கிறார் என்று தகவல் வந்தால் தறியை நிறுத்திவிட்டு மொபெட்டில் வருவான். "பாவா, எழுந்திரு பாவா" என்று குழந்தையைக் கொஞ்சுவது போலப் பேசித் தூக்கி உட்காரவைத்து, தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பான். இவர் அவன் சட்டையில் வாந்தி எடுத்தால்கூட முகம் சுளிக்கமாட்டான். தங்கம் என்றால் என் தம்பிதான் தங்கம் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

எதற்காக நிறுத்தினீர்கள் என்று கேட்டால் என் கணவர் இன்றுவரை ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார். மலைக்குப் போகும் பக்தர்களிடம் முருகன் கனவில் வந்து வேலாயுதத்தைக் காட்டி மிரட்டியதாகச் சொல்வார். டாக்டரிடம் ஈரலைச் சொல்வார். மகளிடம் "உனக்காகத்தான் நைனா" என்று அவளையே நைனா போட்டுச் சொல்லிக் கண் கலங்குவார். என்னிடம் மட்டும், "சலிச்சுப்போச்சி" என்றார். எனக்கு இதுதான் நம்பும்படியாக இருந்தது.

எப்படியோ, ஒரு திங்கட்கிழமை காலையில் இனிமேல் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அன்று சாயங்காலமே கை நடுங்கத் தொடங்கியது. மறுநாள் வேர்த்துக் கொட்டியது. அதற்கும் அடுத்த நாள் மத்தியானம் போர்வையிலிருந்து எதையோ பிடுங்கிப் பிடுங்கித் தரையில் போட்டார். என்னவென்று கேட்டால், "கம்பி, கம்பியா ஊர்ந்து வருது பாரு, காயில்லேர்ந்து எல்லாம் அவுந்துகினு வருது" என்றார். போர்வையில் ஒன்றும் இல்லை. பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, யாரோ விவசாயி நிற்பது மாதிரி, மோட்டார் இன்னும் ரெடியாகவில்லை என்று கெஞ்ச ஆரம்பித்தார். அத்தனை வருஷம் அவர் குடித்துப் பார்த்திருக்கிறேன், பயந்ததில்லை. குடிக்காத அந்த மூன்றாம் நாள்தான் பயந்தேன். தம்பிக்குப் போன் செய்தேன். வழக்கம்போல் அவன்தான் வந்து தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, கட்டிலில் சேர்த்த பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"அவர் நிறுத்தினது நல்லதும்மா. வீட்டுலயே திடீர்னு நிறுத்தினதுதான் ஆபத்து. ரொம்ப வருஷம் குடிச்ச உடம்பு அதையே சாப்பாடு மாதிரி நம்பிகினு இருக்கும். ஒரே நாள்ல எடுத்தா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகும். இங்க கூட்டினு வந்து மருந்தோட நிறுத்தணும்."

"அப்ப இது திமிரு இல்லிங்களா?" என்று கேட்டுவிட்டேன். அதுவரை நான் அதற்கு வைத்திருந்த பெயர் அதுதான்.

"நோய்ம்மா. சக்கரை வியாதி மாதிரி. முழுசா போயிடுச்சின்னு சொல்ல முடியாது, பாத்து நடந்துக்கணும். திரும்பக் குடிச்சாலும் திட்டாம கூட்டினு வாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார்.

"ஐயோ, நான் குடிக்கிறதில்லிங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது தெரியும்மா. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன்." என் கணவர் எப்படி இருக்கிறார் என்று யார் கேட்டாலும் மணிக்கணக்கில் சொல்வேன். என்னைப் பற்றிக் கேட்டதும் பரீட்சையில் பாடத்தில் இல்லாத கேள்வி வந்த மாதிரி நின்றேன்.

அவர் வீடு திரும்பிய பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். எங்கள் வீடு ஒரு குடிகாரரை வைத்துக்கொண்டு ஓடுவதற்குப் பழகியிருந்தது. என்ன வாங்குவது, யார் கல்யாணத்துக்குப் போவது எல்லாம் நானும் மகளும் முடிவு செய்வோம். இப்போது நடுவில் தெளிந்த கண்ணோடு ஒருவர் நின்று, "கேஸு ஏன் இத்தினி சீக்கிரம் தீருது?" என்று கேட்டார். தண்ணீர்க் குழாயை முடுக்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைக் கழற்றினார். மகளின் ரயில் நேரத்தைக் கேட்டு ஸ்டேஷனில் போய் நின்றார். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "நைனா என் ஃபிரெண்ட்ஸ் எதிர்ல நின்னுகினு கைய ஆட்றாரும்மா" என்று வந்து புலம்பினாள். புலம்பினாலும் மறுநாள் வேறு பெட்டியில் ஏறி அவரை ஏமாற்றவில்லை.

எனக்குத்தான் ஒரு பழக்கம் போகவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கொடுக்கிற மாதிரி, சட்டை காலரைச் சரிசெய்கிற மாதிரிப் பக்கத்தில் போய் மூச்சை இழுப்பேன். நான்கைந்து முறைக்குப் பிறகு அவரே கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து செருப்பைக் கழற்றுமுன், "இரு, ஊதிட்டு வரேன்" என்று ரோட்டில் போலீஸ்காரர் முன்னால் நிற்பவர் மாதிரி வாயைத் திறந்து என் முகத்தில் ஊதுவார். தெருவில் போகிறவர்கள் நாங்கள் கொஞ்சுகிறோம் என்று நினைத்தார்கள். பக்கத்து வீட்டம்மா ஒருநாள், "கொடுத்து வச்சவ நீ" என்றாள்.

ஒருநாள் பட்டறையைக் கூட்டப் போனேன். பழைய மோட்டார் மூடிகள் கிடக்கும் அட்டைப்பெட்டிக்கு அடியில் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்று. முன்பு பாட்டில் ஒளித்துவைத்த அதே இடம். பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் திருடன் மாதிரி நின்றார். பிரித்தால் ஜாங்கிரி! எண்ணெய் ஊறிய பேப்பரில் நசுங்கிப்போன ஜாங்கிரிகள்.

"இத ஏன்யா ஒளிச்சு வச்ச?"

"தித்திப்பு கேக்குது. எந்நேரமும் கேக்குது. நீ திட்டுவேன்னு..."

"ஒளிக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"கை தானா அங்கதான் போச்சி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஒரு ஜாங்கிரியை எடுத்து நானே தின்றேன். குடியை விட்டவர்களுக்கு இனிப்பு கேட்குமாம், டாக்டரம்மா பிறகு சொன்னார். அளவோடு கொடுங்கள் என்றார். திருப்பதி போய்வந்த அக்கம்பக்கத்தார் கொடுக்கும் லட்டை அன்றிலிருந்து நான் ஒளித்துவைக்க ஆரம்பித்தேன்.

விவசாயிகள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. மோட்டார் ஓடிய சந்தோஷத்தை எதைக் கொடுத்துத் தீர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் பூசணிக்காய் கொண்டுவந்தார். அதைப் பார்த்து இன்னொருவரும் பூசணிக்காய் கொண்டுவந்தார். அந்த மாசம் எங்கள் கட்டிலுக்கு அடியில் பூசணிக்காய்கள் உருண்டன. மகள் பூசணிக் கூட்டைப் பார்த்ததும், "இதுக்கு பேசாம..." என்று ஆரம்பித்து, என் முறைப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதற்குள் அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் வீட்டில் அந்த விஷயத்தை வைத்துச் சிரித்தது அதுதான் முதல் முறை.

இந்த நிலையில் என் தம்பி மகளுக்கு மலையில் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். கோயிலில் எல்லாம் முடிந்து கீழே மண்டபத்தில் சாப்பாடு. ஆண்கள் கும்பலாக வேன் நிறுத்தியிருந்த பக்கம் போவதும் பாக்கு மென்றுகொண்டு வருவதுமாக இருந்தார்கள். சாமி காரியமாயிற்றே என்று அவர்களுக்குச் சந்தேகம் வருவதே இல்லை, வேன் பக்கத்தில் சாமி வராது என்ற நம்பிக்கை. என் கணவரையும் இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். "ஒண்ணே ஒண்ணுதான், கொழந்த விசேஷம், வேணான்னா இன்னா நெனப்பாங்க?" இவர் இலையில் இருந்த கேசரியைக் காட்டி, "நான் இதுல இருக்கேன், நீங்க போங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னார்: "உன் தம்பி குடிக்கிறான்."

"விசேஷத்துல ஆம்பளைங்க..."

"அது இல்ல. காலையில மலை மேலயே. கையில ஒரு தண்ணி பாட்டில வச்சிகினு இருந்தானே, அவன் கொழந்த தண்ணி கேட்டப்ப அதக் குடுக்காம கடைக்கு ஓடிப்போயி வேற வாங்கினு வந்தான். பாத்தியா?"

நான் பார்த்தேன். பாசமுள்ள அப்பன், குழந்தைக்குச் சில்லென்று வாங்கிக் கொடுக்கிறான் என்று நினைத்தேன்.

"உங்க கண்ணுக்கு எல்லாரும் அப்டித்தான் தெரிவாங்க" என்று வெடித்தேன். "நாலு மாசம் குடிக்கல, அதுக்குள்ள உங்களத் தூக்கிச் சொமந்தவன் மேலயே பழி போடறீங்களா?" சில நாட்கள் எங்கள் வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான். அவர் தினமும் வந்து ஊதுவதற்கு வாயைத் திறப்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஊதாமலே உள்ளே போவார்.

பிறகு ஒரு காலையில் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் மனைவி எடுத்தாள்.

"அவரு படுத்துகினு இருக்காருங்க அண்ணி. ஜுரம்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு நாளா... இல்லிங்க அண்ணி, லேசா ஜுரம். சாயந்திரம் பேசச் சொல்றேன்."

அந்தக் குரல். கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சிரிப்பாக, அதற்குமேல் கேட்காதே என்று கதவைச் சாத்துகிற மாதிரி. அது என் குரல். அந்த வார்த்தையை நான் எத்தனை வருஷம் சொல்லித் தேய்த்திருக்கிறேன்! அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டியதில்லை, எந்த வீட்டில் இந்த நோய் வந்தாலும் முதலில் வருவது அந்த வார்த்தைதான் போலிருக்கிறது. மிஷினை விட்டு எழுந்து பட்டறைக்குப் போனேன். "வாங்க, பேட்டைக்குப் போலாம்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பஸ்ஸில் வழி முழுவதும் காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் குடித்த காலத்தில் பாதியை நான் மன்னிக்கலாம்.

தம்பி வீட்டில் தறிகள் நின்றிருந்தன. கட்டிலில் சுருண்டு கிடந்தான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். முந்தாநாளே வீட்டில் இருந்த பாட்டிலையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டதாகவும், இன்றோடு ஒழிந்தது என்று குழந்தை தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டதாகவும் சொன்னாள். என் கணவர் அவளைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. நேராகப் போய்த் தம்பியின் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தார். காற்றில் காகிதம் ஆடுகிற மாதிரி ஆடின.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஒண்ணுமில்ல பாவா. வேல ஜாஸ்தி, ஒடம்பு அசதி."

"ஆங், எனக்கும் அப்டித்தான் இருந்திச்சி. போர்வையில எதுனா ஊருதா?"

தம்பி திடுக்கிட்டுப் பார்த்தான். பிறகு போர்வையைப் பார்த்தான். "நூலு" என்றான் சின்னக் குரலில். "தறியில இருக்கற நூலு எல்லாம்..."

"எனக்கு கம்பி. உனக்கு நூலு. அவன் அவன் தொழிலுக்கு ஏத்த மாதிரி வருது" என்றார் என் கணவர். நான் பல்லைக் கடித்தேன், இதென்ன நேரத்தில் வேடிக்கை என்று. ஆனால் தம்பியின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அதுவரை பயந்துகொண்டிருந்திருக்கிறான். இந்த மனிதர் அதே வழியில் போய்த் திரும்பி வந்தவர் என்று அவனுக்கு உறைத்தது.

"நாளைக்கு வரேன் பாவா. சத்தியமா நாளைக்கு."

"நாளைக்குன்னு நான் எத்தினி வாட்டி சொன்னேன்னு உங்க அக்காவக் கேளு. எழுந்திரு."

அவனால் நிற்க முடியவில்லை. என் கணவர் குனிந்து அவனைத் தூக்கினார். பழக்கமில்லாதவர், கழுத்தையும் காலையும் எப்படிப் பிடிப்பது என்று தடுமாறினார். "அக்குள்ல கைய விடு பாவா, அப்பத்தான் நழுவாது" என்று தூக்கப்படுகிறவனே சொல்லிக் கொடுத்தான். அத்தனை காலம் தூக்கியவனாயிற்றே. ஆட்டோ திருத்தணி வருவதற்குள் தம்பி இவர் வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்துவிட்டான். இவர் துடைத்துக்கொண்டே, "உன் சட்டையெல்லாம் நான் எவ்ளோ நாசம் பண்ணியிருக்கேன், போவட்டும் விடு" என்றார். அந்தச் சட்டையை நான்தான் துவைத்தேன் என்பது வேறு விஷயம்.

அதே டாக்டரம்மா. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். தம்பியின் கதை மெதுவாகத்தான் வெளியே வந்தது. இவரைத் தேடிக்கொண்டு வருகிற இடங்களில் இவரைக் கிளப்புவதற்காகக் கூட உட்கார்ந்து கொஞ்சம் குடிக்க ஆரம்பித்திருக்கிறான். பாவா மிச்சம் வைத்ததைக் குடித்து முடித்தால் பாவா சீக்கிரம் எழுந்திருப்பார் என்று கணக்குப் போட்டானாம். இதை அவன் சொன்னபோது என் கணவர் எழுந்து வெளியே போனார். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன். பையில் ஒளித்து வைத்திருந்த லட்டைப் பிட்டு அவர் கையில் கொடுத்தேன். தின்றார்.

தம்பி ஒரே அடியில் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நன்றாக இருந்தான், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தான், அது முடிந்த வாரமே மறுபடி குடித்தான். அவன் மனைவி எனக்குப் போன் செய்து, "அண்ணி, அவரு குடிச்சிட்டாரு" என்றாள். ஜுரம் என்று சொல்லவில்லை. நான் அழுவதற்குப் பதிலாக, "சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வா, நாங்க அங்க வந்துடறோம்" என்றேன், கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்கிற மாதிரி. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

இப்போது ஞாயிறு மத்தியானங்களில் ஒரு பள்ளிக்கூட அறையில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு இரண்டு பேரும் போகிறார்கள். பக்கத்து அறையில் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு கூட்டம். எனக்கென்ன நோய் என்று முதலில் போகவில்லை. டாக்டரம்மா இரண்டு முறை சொன்ன பிறகு போனேன். ஒவ்வொருத்தியாகத் தன் கதையைச் சொல்லச் சொன்னார்கள். நான் கணவர் கதையையும் தம்பி கதையையும் சொல்லி முடித்துவிட்டு உட்காரப் போனேன். "அது அவங்க கத. உங்க கதையச் சொல்லும்மா" என்றாள் ஒரு பெண். "இன்னும் ரெடியாகல, அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். ஜாக்கெட் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்கிற அதே பதில். எல்லோரும் சிரித்தார்கள்.

போன மாதம் ஒரு காலையில் நானும் தம்பி மனைவியும் திருப்பதி போகலாம் என்று கிளம்பினோம். குழந்தையை என் மகள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சமையல் ஆண்கள் இருவர் பொறுப்பு. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் யோசித்தோம், வாய்விட்டுச் சொல்லவில்லை. பஸ் கிளம்ப இருந்த நேரத்தில் என் போன் அடித்தது. கணவர். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புளி எங்க வச்சிருக்க?"

சொன்னேன். பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது: "அக்கா, பாவா வெக்கறது ரசம் இல்ல, கஷாயம். நீ வந்து கேளு." "நீ வாய மூடிகினு பூண்ட உரி" என்றார் இவர். அதற்குமேல் பருப்பு எவ்வளவு போடுவது என்பதில் இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள், போனை வைக்க மறந்துவிட்டு. நாங்கள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். தம்பி மனைவி என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.